ஸ்டீராய்டைக் குறைப்பதா, ஏற்பியைப் பிடிப்பதா?

கோவிட் காலத்தில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் பெயர் டீக்கடை வரைக்கும் வந்துசேர்ந்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரெகவரி’ ஆய்வு முடிவு வெளியானதும் எல்லோரும் அதைப் பற்றிப் பேசினார்கள். ஆனால், அந்த மாத்திரையோடு வெகுகாலப் பழக்கம் உள்ளவர்கள் வேறு சிலர்: லிம்ஃபோசைட் என்ற வெள்ளணுக்களில் புற்றுநோய் வந்த குழந்தைகளும் அவர்களைப் பெற்றவர்களும். ஊதிப்போன முகம், நடுராத்திரியில் எழுந்து சோறு கேட்கும் பசி, காரணம் தெரியாத அழுகை, படியேற மறுக்கும் தொடை, ஏறி இறங்கும் சர்க்கரை. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் கேட்டாலும் கோபன்ஹேகனின் ரிக்ஸ்ஹோஸ்பிடலெட் மருத்துவமனையில் கேட்டாலும் இந்தப் பட்டியல் பெரிதாக மாறாது.

இத்தனையும் எதற்காக? புற்றுச் செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தை எழுப்புவதற்காக. குளூக்கோகார்ட்டிகாய்டு ஏற்பி என்பது அதன் பெயர். லிம்ஃபோசைட்டைச் சாகடிக்கும் வேலையைச் செய்வது அந்த ஏற்பிதான். ஸ்டீராய்டு ஹார்மோன் அதைக் கிளப்பிவிடுவதோடு சரி. கிளப்பிவிடுவதற்காக நாம் ஊற்றும் ஹார்மோனோ எலும்பு, தசை, மூளை, கல்லீரல் என்று உடம்பெங்கும் உள்ள ஏற்பிகள் அத்தனையையும் சேர்த்தே எழுப்பிவிடுகிறது. ஹார்மோன் இல்லாமலேயே அந்த ஏற்பி செல்லைக் கொல்லும் என்பது முப்பது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்ட விஷயம். அதை நோயாளியின் படுக்கைவரை கொண்டுவர யாரும் மெனக்கெடவில்லை. மெனக்கெட வேண்டிய இடம் டென்மார்க் என்பது என் வாதம். ஏன் டென்மார்க் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

லிம்ஃபோசைட்டுக்கும் இந்த ஹார்மோனுக்கும் உள்ள பகை பழையது. அட்ரினல் சுரப்பியின் ஹார்மோன் நிணநீர்த் திசுக்களைக் கரைக்கிறது என்று 1940களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1944இல் மேயோ கிளினிக்கில் ஹெய்ல்மனும் கெண்டலும், பின்னாளில் கார்ட்டிசோன் என்று பெயர்பெற்ற பொருளை எலிகளின் நிணநீர்க் கட்டி மீது சோதித்தார்கள், கட்டி சுருங்கியது. அதே கார்ட்டிசோன் மூட்டுவாத நோயாளிக்கு முதன்முதலில் தரப்பட்டது 1948இல்தான். நோபல் பரிசு 1950இல் வந்தது மூட்டுவாதப் புகழை ஒட்டி. புற்றுநோய்க் கதை மூட்டுவாதக் கதைக்கு நான்கு ஆண்டு மூத்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

செல் எப்படிச் சாகிறது என்பது புரிய இன்னும் காலம் பிடித்தது. கெர், வைலி, கரி மூவரும் 1972இல் ‘அப்போப்டோசிஸ்’ என்ற பெயரைச் சூட்டினார்கள்: செல் தன்னைத் தானே ஒழுங்காகக் கலைத்துக்கொள்ளும் சாவு. 1980இல் வைலி அதற்கு எடுத்துக்கொண்ட உதாரணமே ஸ்டீராய்டு கொடுத்த தைமஸ் செல்கள்தாம். இன்று நமக்குத் தெரிந்த வழி இது: ஏற்பி உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை ஏற்றுகிறது, சிலவற்றை இறக்குகிறது, ‘பிம்’ என்ற புரதம் கூடுகிறது, அது செல்லின் சாவைத் தடுத்து நிற்கும் பிசிஎல்-2 புரதத்தை முடக்குகிறது, மைட்டோகாண்ட்ரியா கசிகிறது, காஸ்பேஸ் நொதிகள் மீதி வேலையை முடிக்கின்றன. அவசரமே இல்லாத சாவு இது. ரத்தப் புற்றுச் செல்கள் ஸ்டீராய்டில் மூழ்கிய பிறகும் ஏறக்குறைய ஒரு நாள் முழுக்க ஒன்றும் நடக்காததுபோல் இருந்து, அதற்கப்புறம்தான் விழத் தொடங்கும்.

ஏற்பியின் மரபணு 1985இல் ரொனால்டு எவன்ஸின் குழுவினர் கையில் சிக்கியது. 777 அமினோ அமிலங்கள் கொண்ட புரதம். முன்பகுதி மரபணுவைத் தூண்ட, நடுப்பகுதி டிஎன்ஏவைப் பற்ற, பின்பகுதி ஹார்மோனைப் பிடிக்க. மரபணு கிடைத்ததும் ஆய்வாளர்கள் கத்திரியை எடுத்தார்கள். பின்பகுதியை வெட்டினால் ஏற்பி செத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1987இல் கீத் யமமோட்டோவின் ஆய்வுக்கூடமும் எவன்ஸின் ஆய்வுக்கூடமும் கண்டது நேரெதிர்: வால் போன ஏற்பி ஹார்மோனுக்குக் காத்திராமல் சதா வேலை செய்தது. அந்தப் பின்பகுதி மூக்கணாங்கயிறு. ஹார்மோன் வந்து அவிழ்த்துவிடுகிறதே தவிர மாட்டுக்குப் பலம் கொடுப்பதில்லை.

இதை ரத்தப் புற்றுச் செல்லில் வைத்துப் பார்த்தவர் டெக்சாஸின் கால்வெஸ்டனில் இருந்த பிராட் தாம்சன். அவர் கையில் இருந்தவை சிஇஎம் செல்கள். 1960களில் பாஸ்டனில் ஒரு சிறுமியின் ரத்தப் புற்றுநோயிலிருந்து வளர்த்தெடுக்கப்பட்ட வம்சம். அதிலேயே ஏற்பி இல்லாமல் போய், ஸ்டீராய்டுக்கு அசையாத ஒரு கிளையும் அவரிடம் இருந்தது. அந்த அசையாத கிளைக்குள் ஏற்பியின் துண்டுகளை ஒவ்வொன்றாகச் செலுத்தி, எது கொல்கிறது என்று 1991இல் அவர் குழு வரைபடம் போட்டது. ஹார்மோன் பிடிக்கும் பகுதி இல்லாத துண்டு, ஹார்மோன் இல்லாமலேயே கொன்றது. அதைவிட விசித்திரம் 465* என்று அவர்கள் பெயரிட்ட துண்டு. 465ஆம் அமினோ அமிலத்தில் மரபணு வாசிப்பு தடம் புரண்டு, டிஎன்ஏவைப் பற்றும் பகுதியே பாதியில் அறுந்துபோன ஏற்பி அது. வழக்கமான மரபணுத் தூண்டல் எதையும் அது செய்யவில்லை. இருந்தும் கொன்றது. மற்றப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் கொல்கிறது போலும் என்று 1997இல் அதே குழு எழுதியது.

ஸ்டீராய்டு ஏற்பி ஆய்வாளர்களில் பெரும்பாலானோர் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதே 1991இல், கால்வெஸ்டனுக்குப் பக்கத்து ஊரான ஹூஸ்டனில், பெர்ட் ஓமாலியின் குழு டோபமைன் கொடுத்தே புரோஜெஸ்டிரோன் ஏற்பியை எழுப்பிக் காட்டியது. ஹார்மோன் இல்லாமல் ஏற்பி விழிக்கும் என்ற செய்தி மார்பகப் புற்றுநோய் ஆய்வாளர்களை உலுக்கியது. காரணம் இருக்கிறது. அங்கே விழித்த ஏற்பி எதிரி. ஈஸ்ட்ரோஜென் ஏற்பியின் ஹார்மோன் பிடிக்கும் பகுதியில் சடுதிமாற்றம் ஏற்பட்டு, ஈஸ்ட்ரோஜென் வற்றிய உடம்பிலும் கட்டி வளர்வதை 2013இல் இரு குழுக்கள் காட்டின. புராஸ்டேட் புற்றுநோயில் ஏஆர்-வி7 என்ற ஆண்ட்ரோஜென் ஏற்பி வடிவம் உண்டு. அதற்கு ஹார்மோன் பிடிக்கும் வாலே கிடையாது. அது இருக்கும் நோயாளிக்கு என்சலூட்டமைடு, அபிராட்டிரோன் மருந்துகள் எடுபடுவதில்லை என்று 2014இல் தெரிந்தது. டென்மார்க்கும் இந்தக் களத்தில் பழைய கை. டேனிஷ் புற்றுநோய்க் கழகத்தில் ஆனே லுக்கெஸ்ஃபெல்ட் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய, தமாக்சிஃபென் மருந்துக்கு மசியாத மார்பகச் செல் வம்சங்களை உலகெங்கும் ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள்.

ஆக, வால் அறுந்த ஏற்பி புராஸ்டேட்டில் நோயாளியைக் கொல்கிறது. லிம்ஃபோசைட்டில் நோயைக் கொல்கிறது. முதல் உண்மையைச் சுற்றி ஆயிரக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன. இரண்டாவது, கால்வெஸ்டன் குழுவின் சில கட்டுரைகளோடு நின்றுபோனது.

அதற்கு நியாயமான காரணங்களும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. ‘ஹார்மோன் இல்லாமல்’ என்ற சொல்லை ஆய்வுக்கூடத்தில் கேட்டாலே எனக்கு முதலில் வருவது சந்தேகம். செல்களை வளர்க்க ஊற்றும் கன்றுக்குட்டி சீரத்திலேயே ஸ்டீராய்டு இருக்கும். கரியில் வடிகட்டி எடுத்தோமா என்று கேட்டுவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும். வாலே இல்லாத துண்டில் அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை என்பது தாம்சன் பரிசோதனையின் அழகு. ஆனால் 1998இல் ஜெர்மனியிலிருந்து ஒரு முட்டுக்கட்டை வந்தது. ஏற்பிகள் இரண்டிரண்டாகச் சேர முடியாதபடி மாற்றப்பட்ட எலிகளில், ஸ்டீராய்டு கொடுத்தும் தைமஸ் செல்கள் சாகவில்லை. அப்படியானால் ஜோடி சேர்ந்து டிஎன்ஏவைப் பற்றுவது அவசியம். அதைச் செய்யவே இயலாத 465* எப்படிக் கொல்லும்? தைமஸின் ஆரோக்கியமான செல்லும் புற்றுச் செல்லும் ஒன்றல்ல என்பது ஒரு பதில். சாவுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாசல்கள் இருக்கலாம் என்பது இன்னொன்று. வழக்கைத் தீர்க்கப் போதுமான பரிசோதனைகள் நடக்கவில்லை. ஒரு துறையின் கேள்வி பதிலில்லாமல் நிற்பது பெரும்பாலும் கடினத்தால் அல்ல, கேட்பார் இல்லாததால்.

இனி டென்மார்க்.

ஸ்டீராய்டின் விலையைக் கணக்குப் பார்த்து எழுதிவைக்கும் நாடு அது. 1942லேயே தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு. 1968 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஒரே எண்; மருத்துவமனை, மருந்துக் கடை, இறப்பு எல்லாம் அந்த எண்ணில் வந்து சேரும். குழந்தைகளின் லிம்ஃபோபிளாஸ்டிக் ரத்தப் புற்றுநோய்க்கு நோர்டிக் நாடுகள் சேர்ந்து நடத்தும் நோஃபோ கூட்டமைப்பில் ரிக்ஸ்ஹோஸ்பிடலெட்டின் கெல் ஷ்மீகெலோ முதன்மையான பெயர். 2008இல் தொடங்கிய அவர்களின் சிகிச்சைத் திட்டம் 1 வயது முதல் 45 வயது வரை எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தது. எஸ்டோனியாவும் லித்துவேனியாவும் அதில் சேர்ந்துகொண்டன. முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலோருக்கு உடற்பரப்பின் சதுர மீட்டருக்குத் தினம் 60 மில்லிகிராம் பிரட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு. வெள்ளணு எண்ணிக்கை மிக அதிகம் என்றாலோ டி-செல் வகை என்றாலோ 10 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன். 29ஆம் நாள் எலும்பு மஜ்ஜையில் மிச்சம் எவ்வளவு என்று எண்ணிப் பார்த்து மேற்கொண்டு முடிவு. குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் பிழைக்கிறார்கள்.

பிழைத்தவர்களின் எலும்பையும் அவர்கள் எண்ணினார்கள். ஸ்டீராய்டின் கொடுமைகளில் எனக்கு மிகவும் உறைப்பது எலும்புத் திசுச் சாவு: ரத்த ஓட்டம் குன்றி இடுப்பு மூட்டும் முழங்காலும் உள்ளுக்குள் இடிந்துபோவது. பத்து வயதுக்குக் கீழே குறைவு. பத்தைத் தாண்டியவர்களிடம் பல மடங்கு. புற்றுநோயை வென்ற பதினாறு வயதுப் பெண்ணுக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை என்பது மருத்துவ வெற்றிப் புள்ளிவிவரத்தில் தெரிவதே இல்லை.

இந்தக் கணக்கைப் பார்த்தவர்கள் செய்யத் தொடங்கியிருப்பது கழித்தல். டென்மார்க் பங்கேற்கும் ஐரோப்பியக் கூட்டாய்வான ‘ஆல்டுகெதர்’, ஆபத்துக் குறைந்த ஒரு பிரிவினருக்குப் பராமரிப்புக் கட்டத்தில் வின்கிரிஸ்டினோடு இடையிடையே தரும் டெக்ஸாமெத்தசோனை விட்டுவிடலாமா என்று சீட்டுப் போட்டுச் சோதிக்கிறது. நம் நாட்டில் 2016இல் தொடங்கிய ‘ஐசிக்கிள்’ ஆய்வின் கேள்விகளில் ஒன்று, ஆபத்துக் குறைந்த இளங்குழந்தைகளுக்கு முதற்கட்ட பிரட்னிசோலோனை ஐந்து வாரத்திலிருந்து மூன்று வாரமாக்கினால் நச்சு குறையுமா என்பது. கொல்கத்தா, மும்பை, டெல்லி, சண்டிகரோடு அடையாறும் இதில் உண்டு. முதற்கட்டச் சிகிச்சையிலேயே தொற்று வந்து குழந்தையை இழப்பது இங்கே டென்மார்க்கைவிட அதிகம் என்பதால் அந்த இரண்டு வாரம் சாதாரணமானதல்ல. முதியவர்களுக்கும் இதே போக்குதான். மைலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோய் வந்த 65 வயதுக்கு மேற்பட்ட தளர்ந்த நோயாளிகளுக்கு, டெக்ஸாமெத்தசோனை இரண்டு சுற்றோடு நிறுத்திவிட்டு டாராடுமுமாபையும் லெனாலிடோமைடையும் தந்தபோது, லெனாலிடோமைடும் டெக்ஸாமெத்தசோனும் மட்டும் பெற்றவர்களைவிட நோய் நெடுநாள் அடங்கியிருந்ததைப் பிரெஞ்சு ஆய்வு ஒன்று காட்டியது. அந்த டாராடுமுமாப் கோபன்ஹேகனில் 1999இல் தொடங்கிய ஜென்மாப் நிறுவனத்தின் குழந்தை. மனிதரிடம் நடந்த அதன் முதல் சோதனையில் வைலே நகர மருத்துவமனையின் டோர்பென் ப்ளெஸ்னர் முன்னின்றார்.

கழித்தலை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழித்தலுக்கு ஓர் அடிமட்டம் உண்டு. நோய் கடுமையாக இருப்பவருக்குக் கழிக்க முடியாது. அவர்தான் அதிகம் ஸ்டீராய்டு பெறுகிறவர், அதிகம் அடிபடுகிறவர்.

டென்மார்க்குக்கு இதில் இன்னொரு பாடமும் வீட்டிலேயே இருக்கிறது. கோபன்ஹேகனை ஒட்டிய பலெரூப்பில் உள்ள லியோ ஃபார்மா, சொரியாசிஸுக்கான கால்சிபோட்ரியாலால் பெயர்பெற்றது. வைட்டமின் டி-யின் சாயலில் செய்த பொருள் அது. வைட்டமின் டி ஏற்பியும் ஸ்டீராய்டு ஏற்பிக் குடும்பத்துப் பங்காளிதான். அதே நிறுவனம் இபி 1089 என்ற இன்னொரு சாயலையும் செய்தது; செயோகால்சிட்டால் என்பது மருந்துப் பெயர். டேனிஷ் புற்றுநோய்க் கழகத்தில் மார்யா யேத்தேலாவின் குழு 1999இல் இதை மார்பகப் புற்றுச் செல்களுக்குக் கொடுத்தபோது, தெரிந்த காஸ்பேஸ்கள் எதுவும் ஈடுபடாமலே செல்கள் செத்தன. செல் சாவைத் தூண்டும் பி53 புரதம்கூடத் தேவைப்படவில்லை. கால்சியமும் கால்பெயின் என்ற நொதியும் கொலையாளிகள் என்று பிறகு கண்டார்கள். 2003இல் பிரிட்டனில் ஒரு குழு நாட்பட்ட லிம்ஃபோசைட்டு ரத்தப் புற்றுச் செல்களுக்குச் சோதனைக்குழாயில் இதையே கொடுத்தது, அவையும் செத்தன. இவ்வளவு இருந்தும் மருந்து புற்றுநோய் வார்டுக்கு வந்து சேரவில்லை. ரத்தத்தில் கால்சியத்தை ஏற்றிவிடும் என்ற பயம் அளவைக் கட்டிப்போட்டது. மறுபடியும் அதே கதை: புற்றுச் செல்லில் ஏற்பி கொல்லத் தயார், உடம்பு முழுக்கப் பரவும் ஹார்மோன் வேலை குறுக்கே நிற்கிறது.

எனவே ஏற்பியின் கொல்லும் துண்டை மட்டும் லிம்ஃபோசைட்டுக்குள் கொண்டுபோவதை இனிக் கனவு என்று ஒதுக்க முடியாது. 1991இல் அது கனவுதான். துண்டைச் செல்லுக்குள் நுழைக்க மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டியிருந்தது, அதை மனிதருக்குச் செய்ய முடியாது. இன்று எம்ஆர்என்ஏவைக் கொழுப்புத் துகளில் பொதிந்து கோடிக்கணக்கானோர் கையில் குத்தியிருக்கிறோம். 2022இல் பென்சில்வேனியா குழு, சிடி5 என்ற புரதத்தைத் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியைத் துகள் மேல் ஒட்டி, எலியின் உடம்புக்குள்ளேயே டி-செல்களுக்கு எம்ஆர்என்ஏவைக் கொண்டுசேர்த்தது. எம்ஆர்என்ஏ சில நாளில் அழிந்துவிடும் என்பதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். சாகடிக்கும் புரதத்துக்குச் சில நாள் போதும். லிம்ஃபோசைட்டைக் குறிவைக்கும் ஆன்டிபாடி செய்வதில் கைதேர்ந்த நிறுவனமும், செல் சாவைப் பல்லாண்டாகப் படிக்கும் ஆய்வுக்கூடமும், நோயாளியை எண்ணால் பின்தொடரும் மருத்துவமனையும் கோபன்ஹேகன் என்ற ஒரே நகரத்தைச் சுற்றியே இருக்கின்றன.

ஆட்சேபங்கள் எனக்குத் தெரியும். புற்றை வேட்டையாட மரபணு மாற்றித் தரும் கார்-டி செல் உடம்புக்குள் போய்ப் பெருகும். துகள் பெருகாது, போய்ச் சேராத செல் தப்பித்துவிடும். டெக்ஸாமெத்தசோன் மூளைக்குள் ஊடுருவி அங்கே ஒளிந்திருக்கும் புற்றுச் செல்லையும் தொடும். துகளுக்கு அது சுலபமில்லை. ஆகவே எல்லோருக்கும் ஸ்டீராய்டுக்குப் பதிலாக இதைத் தரலாம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆன்டிபாடியில் ஸ்டீராய்டையே கட்டி அனுப்புவது நடுவழி; மூட்டுவாதத்துக்கு அப்படி ஒரு மருந்தை அமெரிக்காவின் ஆப்வி நிறுவனம் நோயாளிகளிடம் சோதித்திருக்கிறது. துண்டுக்கு உரிய இடம் வேறு: ஸ்டீராய்டுக்கு மசியாமல் திரும்பி வரும் நோய்.

மசியாமை ஒரே மாதிரி வருவதில்லை. சிலரிடம் ஏற்பியின் மரபணுவே பழுது. சிலரிடம், 2015இல் செயின்ட் ஜூட் மருத்துவமனைக் குழு காட்டியபடி, காஸ்பேஸ்-1 நொதி ஏற்பியை நறுக்கிப் போட்டுவிடுகிறது. இன்னும் சிலரிடம் ஏற்பி நலமாக இருக்கும். கீழே ‘பிம்’ அடைபட்டிருக்கும். கடைசி வகையில் துண்டு உதவ வாய்ப்பு குறைவு. அங்கே பிசிஎல்-2ஐ நேராகத் தாக்கும் வெனிடோகிளாக்ஸ் போன்றவற்றுக்குத்தான் இடம். முதல் வகைக்குத் துண்டு பொருந்தும். தாம்சனின் ஏற்பியில்லாச் செல்கள் ஸ்டீராய்டில் சாகாமல் 465*இல் செத்தது அதற்கு ஆதாரம்.

ஆகையால் முதலில் கேட்க வேண்டியது பெரிய மருந்துச் சோதனை அல்ல. நோஃபோவின் உறைபெட்டிகளில் இருக்கும், நோய் திரும்பியவர்களின் மாதிரிகளை இந்த மூன்று வகையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்பி பழுதான மாதிரிகளில் துண்டைச் செலுத்தி எத்தனை சாகின்றன என்று எண்ண வேண்டும். ஓர் ஆய்வு மாணவரின் மூன்றாண்டு வேலை. ஜென்மாபின் ஒரு மருந்துச் சோதனைச் செலவோடு ஒப்பிட்டால் இது சில்லறை.

அடையாறையும் அந்த வேலையில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன், அனுதாபத்துக்காக அல்ல. 1980களில் அமெரிக்காவின் இயன் மெக்ராத்தோடு மும்பை டாடா, டெல்லி எய்ம்ஸ், வி. சாந்தாவின் அடையாறு மூன்றும் சேர்ந்து எம்சிபி-841 என்ற சிகிச்சைத் திட்டத்தை நடத்தின. அதற்கு முன்பு இருபது விழுக்காட்டுக்கும் கீழே கிடந்த பிழைப்பு விகிதம் இரண்டு மடங்குக்கு மேல் உயர்ந்தது. மூன்று மையங்களும் ஒரே திட்டத்தைக் கறாராகப் பின்பற்றியதால் கிடைத்த பலன் அது. நோய் திரும்பும் குழந்தைகள் இங்கே அதிகம், மாதிரிகளும் அதிகம். டி-செல் வகையின் பங்கும் மேற்கு நாடுகளைவிட இங்கே கூடுதல். ஸ்டீராய்டுக்கு எளிதில் மசியாத வகை அது. விலை பற்றிய பேச்சையும் முதல் நாளே பேசிவிட வேண்டும். டெக்ஸாமெத்தசோன் மாத்திரை சில காசுகளில் கிடைக்கிறது. அதன் இடத்துக்கு வரும் எதுவும் லட்சங்களில் வந்தால் அது கோபன்ஹேகனோடு நின்றுவிடும். எம்ஆர்என்ஏ தயாரிக்கும் ஆலைகள் கோவிடுக்குப் பிறகு இந்தியாவிலும் இருக்கின்றன. உரிமம் எழுதும்போதே அந்த ஆலைகளுக்கும் ஒரு வரி எழுதிவைக்கலாம்.

- கட்டுரையாளர், ரத்தப் புற்றுநோய்ச் செல் ஆய்வாளர்.